நேற்றைய பேச்சு எங்கே போகிறது?

செயற்கை நுண்ணறிவை வைத்து நிரல் எழுதிப் பழகியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் எழுகிறது. நேற்று மாலை முழுவதும் அதனோடு உட்கார்ந்து ஒரு பிழையைத் தேடிப் பிடித்திருப்போம். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, எந்த வழி சரிவராது, ஏன் சரிவராது என்றெல்லாம் பேசித் தெளிந்திருப்போம். நினைவு வசதி ஏதும் இல்லையென்றால், இன்று காலை புதிதாக ஓர் உரையாடலைத் திறக்கும்போது அதற்கு நம் ப்ராஜெக்டின் பெயர்கூடத் தெரியாது. நேற்று நாமும் அதுவும் சேர்ந்து வேண்டாம் என்று ஒதுக்கிய தீர்வையே இன்று புது யோசனையாக முன்வைக்கும்.

எண்ணற்ற நூல்களைப் படித்த ஒன்றுக்கு, நேற்றைய பேச்சு ஏன் தங்குவதில்லை? அதைத் தங்க வைக்க ஒரு நினைவுச் செருகியைப் பொருத்தினால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? செருகி என்பது இருக்கும் மென்பொருளோடு கூடுதல் திறன் ஒன்றைச் சேர்க்கும் சிறு நிரல். பலரும் பிளகின் என்பார்கள்.

படித்தது வேறு, நடந்தது வேறு

இந்தச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களின் உள்ளே இருப்பது ஒரு மொழி மாதிரி. ஏராளமான எழுத்தைப் படிக்க வைத்து, அந்தப் படிப்பின் பலனை எண்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்த எண்களுக்கு எடைகள் என்று பெயர். 2020-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-3 மாதிரியில் 17,500 கோடி எடைகள் இருந்தன. பயிற்சிக் காலத்தில் இவை ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். பயிற்சி முடிந்து மாதிரி நம் கைக்கு வரும்போது உறைந்துவிடும். அதன்பின் ஒரு மணி நேரம் பேசினாலும் சரி, ஒரு மாதம் பேசினாலும் சரி, அவற்றில் ஓர் எண்கூட அசையாது.

மனிதர்களில் இதற்கு நெருக்கமான நிலையில் இருந்தவர் அமெரிக்காவின் ஹென்றி மொலைசன். 1953-இல், 27 வயதில், கடுமையான வலிப்பு நோய்க்காக அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பேச்சு, அறிவுக்கூர்மை, இளமைக் கால நினைவு எல்லாம் இருந்தன. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு சந்திப்பிலும் அவருக்குப் புதியவர்தான். மில்னர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திர வடிவத்தின் ஓரமாகக் கோடு இழுக்கச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் கை நன்றாகத் தேர்ந்துவிட்டது. பயிற்சி செய்த நினைவே இல்லாதபோதும் பழக்கம் கையில் ஏறியிருந்தது.

மொழி மாதிரிக்கு அந்தக் கைப்பழக்கமும் வராது. நேற்று நாம் நூறு முறை திருத்திய தவற்றை இன்று முதல் முறை செய்வது போலவே செய்யும்.

அப்படியானால் ஒரே உரையாடலுக்குள் மட்டும் எப்படி நினைவு இருக்கிறது? பத்தாவது கேள்வியை நாம் கேட்கும்போது, முதல் ஒன்பது கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் கூடவே மாதிரிக்கு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறது. அரசு மருத்துவமனை வார்டில் பணி மாறி வரும் மருத்துவர், கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு நோயாளியிடம் பேசுவது போன்றது இது. அந்த ஷீட்டில் ஏறாத செய்தி அவருக்கு எட்டாது. நினைவுச் செருகி செய்வதெல்லாம் அந்த ஷீட்டில் சில வரிகளைச் சேர்ப்பதுதான். மாதிரியின் உள்ளே எதையும் அது தொடுவதில்லை.

எல்லாவற்றையும் அனுப்பிவிடலாமே?

ஒரே நேரத்தில் மாதிரியால் படிக்க முடிந்த எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சூழல் சாளரம் என்போம். இதை அளக்கும் அலகு டோக்கன், அதாவது ஒரு சொல்லோ சொல்லின் துண்டோ. ஜிபிடி-3-இன் சாளரம் 2,048 டோக்கன், சில பக்கங்கள்தான். 2024 பிப்ரவரியில் கூகுள் அறிவித்த ஜெமினி 1.5 மாதிரி 10 லட்சம் டோக்கன் வரை போனது. நான்கே ஆண்டுகளில் இவ்வளவு வளர்ச்சி.

இனி பழைய உரையாடல்களை எல்லாம் அப்படியே சேர்த்து அனுப்பினால் போதாதா என்று தோன்றும். மூன்று தடைகள் இருக்கின்றன. முதலாவது கணிப்புச் சுமை. இன்றைய மாதிரிகளின் அடித்தளமான, 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பில் ஒவ்வொரு டோக்கனும் மற்ற டோக்கன்களோடு ஒப்பிடப்படுகிறது. எழுத்து இரண்டு மடங்கானால் ஒப்பீடுகள் நான்கு மடங்காகும். அடுத்தது பணம்: அனுப்பும் டோக்கனுக்குத் தக்கபடி கட்டணம் ஏறும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீண்ட எழுத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் செய்தியை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புதிய மாதிரிகள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் தேவையில்லாத எழுத்து கூடக்கூடத் தேவையானது மங்கிப்போகும் தொல்லை முழுவதும் தீரவில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வது இங்கே நல்ல நினைவாகாது.

அதிகாலை 5.10

ஓர் ஊரின் பால் கூட்டுறவு சங்கத்துக்கு வரவு செலவு நிரல் எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று நிரல் பதிகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா.

முதல் பட்டுவாடாவிலேயே சிலருக்குக் கணக்கு உதைக்கிறது. 11-ஆம் தேதி காலை ஊற்றிய பால் 10-ஆம் தேதிக் கணக்கில் ஏறியிருக்கிறது. எல்லோருக்கும் அல்ல, முதல் ஆளாக வந்து ஊற்றியவர்களுக்கு மட்டும். உதவியாளரோடு உட்கார்ந்து தேடியதில் காரணம் பிடிபடுகிறது. சர்வர் தன் நேரத்தை உலக நேரத்தில் வைத்திருக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே அதிகாலை 5.10 என்றால் சர்வரின் கணக்கில் முந்தைய இரவு 11.40. ஆக 5.30-க்கு முன் ஊற்றிய பால் முழுக்க முந்தைய நாளில் போய் விழுந்திருக்கிறது.

சர்வரின் நேரத்தையே இந்திய நேரமாக மாற்றிவிடலாம் என்கிறது உதவியாளர். வேண்டாம், அதே சர்வரில் ஓடும் வேறு வேலைகள் உலக நேரத்தை நம்பியிருக்கின்றன என்கிறார் நிரலாளர். கடைசியில் பதிவு நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, இந்திய நேரப்படி கணக்கிட்ட தேதியை 'வரவு நாள்' என்ற தனிப் பத்தியில் எழுதி வைக்கிறார்கள். பிரச்சினை தீர்ந்தது.

அடுத்த வாரம் புதிய உரையாடல். மாத அறிக்கை ஒன்று எழுதித் தரும்படி கேட்கிறார். உதவியாளர் பதிவு நேரத்திலிருந்தே தேதியைக் கணக்கிட்டு அழகாக ஓர் அறிக்கையைத் தருகிறது. 1-ஆம் தேதி அதிகாலைப் பால் மறுபடியும் போன மாதத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே தொலைந்தது எது என்று பார்க்க வேண்டும். செய்த திருத்தம் நிரலில் பத்திரமாக இருக்கிறது. 'வரவு நாள்' பத்தியும் அங்கேதான் இருக்கிறது. அது ஏன் வந்தது, வேறு எந்த வழி ஏன் ஒதுக்கப்பட்டது என்பது மட்டும் எங்கும் இல்லை. அது பேச்சில் மட்டும் இருந்தது, பேச்சோடு போய்விட்டது. நினைவுச் செருகி காப்பாற்ற வேண்டியது இந்தக் காரணத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரே ஒரு கோப்பு

செருகிக்குப் போவதற்கு முன் எளிய வழி ஒன்று உண்டு. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் என்ற உதவியாளர் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் ப்ராஜெக்ட் கோப்புறையில் 'கிளாட்' என்ற பெயரில் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். வேறு பல உதவியாளர்கள் இதற்காக 'ஏஜென்ட்ஸ்' என்ற கோப்பைத் தேடுகின்றன. இரண்டுமே சாதாரண எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்து திருத்தலாம்.

பால் சங்க நிரலாளர் அந்தக் கோப்பில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "நாள்வாரிக் கணக்குக்கு எப்போதும் 'வரவு நாள்' பத்தியைப் பயன்படுத்து. பதிவு நேரத்திலிருந்து தேதியைக் கணக்கிடாதே. காரணம்: பதிவு நேரம் உலக நேரத்தில் உள்ளது, காலை 5.30-க்கு முன் ஊற்றும் பால் முந்தைய நாளில் விழும். சர்வர் நேரத்தை மாற்றும் வழி ஒதுக்கப்பட்டது. வேறு வேலைகள் உலக நேரத்தை நம்பியுள்ளன."

இதையே "தேதிப் பிழை சரிசெய்யப்பட்டது" என்று எழுதி வைத்தால் ஒரு பயனும் இல்லை. எது, ஏன், எது கூடாது என்ற மூன்றும் இருந்தால்தான் அடுத்த வாரம் வரும் உதவியாளருக்கு அது வழி காட்டும்.

சிறிய ப்ராஜெக்டுக்கு இந்தக் கோப்பே போதும். பலரும் இதைச் செய்து பார்க்காமலேயே செருகியைத் தேடிப் போகிறார்கள். குறிப்புகள் நூறைத் தாண்டும்போதுதான் சிக்கல். கோப்பு முழுவதும் ஒவ்வொரு முறையும் சாளரத்தில் ஏறும். நாம் மேலே பார்த்த தடைகள் திரும்ப வந்து நிற்கும்.

செருகியின் வேலைகள்

செருகி மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: எழுதிக்கொள்வது, வைத்திருப்பது, வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பது.

வைத்திருப்பதில் பெரிய வித்தை ஏதுமில்லை. சில செருகிகள் ஓர் எழுத்துக் கோப்பில் வைக்கின்றன. சில, நம் கைபேசிகளுக்குள்ளும் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைக்கின்றன.

உதவியாளரையும் செருகியையும் இணைக்க இன்று பரவலாகப் பயன்படுவது மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால். இந்தத் திறந்த நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. வெளிக்கருவிகள் தங்களிடம் என்னென்ன வசதி உண்டு என்று உதவியாளருக்கு ஒரே முறையில் தெரிவிக்க இது வழிசெய்கிறது. இதோடு எடுத்துக்காட்டாக வெளியிட்ட கருவிகளில் ஒன்று நினைவுக் கருவி. அது செய்திகளைப் பொருள்கள், அவற்றுக்கிடையிலான உறவுகள், அவற்றைப் பற்றிய குறிப்புகள் என்று பிரித்து வைக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 'மாத அறிக்கை' ஒரு பொருள், 'வரவு நாள்' இன்னொன்று, முன்னது பின்னதைச் சார்ந்திருக்கிறது என்பது உறவு, 5.30 கதை குறிப்பு.

இதைப் பொருத்துவது சில நிமிட வேலை. உதவியாளரின் அமைப்புக் கோப்பில் கருவியின் பெயரையும், அதை இயக்கும் கட்டளையையும், நினைவுக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தையும் எழுத வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடம் சொல்லாவிட்டால் கருவி தன் சொந்தக் கோப்புறையிலேயே நினைவை வைத்துக்கொள்ளும். தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும்போதோ கருவியைப் புதுப்பிக்கும்போதோ அந்தக் கோப்புறையே போய்விடக்கூடும், சேர்த்த நினைவும் கூடவே போகும். நாமே ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனிக் கோப்பு வைப்பது இன்னும் நல்லது. பால் சங்கத்தின் விதி பள்ளிக்கூட வருகைப்பதிவு நிரலுக்குள் நுழைந்தால் வரும் குழப்பத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

பொருத்திய பின்னும் ஒரு சங்கடம் மிஞ்சும். கருவி கையில் இருக்கிறது என்பதாலேயே உதவியாளர் அதை எடுத்துவிடாது. எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மொழி மாதிரி. அது சில நேரம் எடுக்கும், சில நேரம் விட்டுவிடும். அதனால் 'வேலை தொடங்குமுன் நினைவைப் பார். முடிவு எடுத்ததும் எழுது' என்று குறிப்புக் கோப்பில் சொல்லி வைக்கிறார்கள். இதைவிட உறுதியானது கொக்கி. அமர்வு தொடங்கும்போது, முடியும்போது, நீண்ட உரையாடல் சுருக்கப்படும்போது என்று குறித்த தருணங்களில் தானாகவே ஓடும் சிறு நிரலுக்குத்தான் அந்தப் பெயர், வழக்கில் ஹூக். இதில் மாதிரியின் விருப்பத்துக்கு இடமில்லை. தொடக்கக் கொக்கி வெளியிடும் எழுத்து நேராகச் சாளரத்தில் போய் அமரும். முடிவுக் கொக்கி அன்றைய பேச்சை இன்னொரு மாதிரியிடம் கொடுத்துச் சுருக்கி எழுதச் சொல்லும்.

சுருக்கத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'என்ன செய்தோம்' என்பதைச் சுருக்குவது மாதிரிக்கு எளிது. 'ஏன்' என்பது பேச்சின் நடுவில் ஒரு வாக்கியமாக வந்து போயிருக்கும். சுருக்கும்போது முதலில் உதிர்வது அதுதான். வாரம் ஒருமுறை நினைவுக் கோப்பைத் திறந்து நம் கண்ணால் படித்துத் திருத்த வேண்டும்.

சொல்லைத் தேடுவதா, பொருளைத் தேடுவதா?

எடுத்துக் கொடுப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. நிரலாளர் இப்படிக் கேட்கிறார்: "ஒன்றாம் தேதி காலைப் பால் அறிக்கையில் குறைவாகக் காட்டுகிறதே?" நினைவில் இருக்கும் குறிப்போ உலக நேரத்தைப் பற்றியும் சர்வரைப் பற்றியும் பேசுகிறது. கேள்விக்கும் குறிப்புக்கும் 'தேதி', 'காலை', 'பால்' தவிரப் பொதுச்சொல் இல்லை. பால் சங்க நிரலின் எல்லாக் குறிப்புகளிலும் அந்தச் சொற்கள் இருக்கும். எனவே சொல்லைத் தேடினால் சரியான குறிப்பு மேலே வராது.

இதற்காகவே பொருள் தேடல் வந்தது. ஒவ்வொரு குறிப்பையும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுகிறார்கள். பொருளில் நெருங்கிய வாக்கியங்களுக்கு எண்வரிசைகளும் நெருங்கி இருக்கும்படி இதற்கென்றே தனி மாதிரிகளைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். கேள்வியையும் அப்படியே எண்ணாக்கி, மிக அருகில் இருக்கும் குறிப்புகளை எடுக்கலாம். நாள் தவறிப் பதிவாவதும் நேர வேறுபாடும் இந்த எண்வெளியில் அக்கம்பக்கமாக அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு குறிப்பிட்ட பிழை எண்ணையோ பத்தியின் பெயரையோ தேடினால் சொல் தேடல்தான் கெட்டி. நல்ல செருகிகள் இரண்டையும் சேர்த்துச் செய்கின்றன. முதலில் தலைப்புகளை மட்டும் காட்டி, உதவியாளர் கேட்டால் முழுக் குறிப்பையும் திறந்து கொடுப்பவையும் உண்டு. சாளரத்தைச் சிக்கனமாகச் செலவிட இது நல்ல வழி.

தமிழில் குறிப்பு எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. செருகிகளில் பரவலாகப் பயன்படும் குரோமா தரவுத்தளம், நாம் வேறொன்றைச் சொல்லாவிட்டால், 384 எண்கள் கொண்ட வரிசைகளை ஆக்கும் சிறிய மாதிரியை எடுத்துக்கொள்கிறது. அது ஆங்கிலத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. தமிழ்க் குறிப்புகளை அதனால் சரியாக இனம்பிரிக்க முடியாது. பன்மொழி மாதிரி ஒன்றை அமைப்பில் மாற்றிக் கொடுக்க வேண்டும். டோக்கன் செலவும் தமிழில் கூடுதல். கணினிக்குள் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். 'கொ' என்ற ஓர் எழுத்து இரண்டு குறிகளாகப் பதிவாகி 6 பைட் பிடிக்கிறது. ஆங்கில எழுத்தை அதிகம் வைத்துச் செய்த டோக்கன் பட்டியல்கள் தமிழ்ச் சொற்களைப் பொடிப்பொடியாக உடைக்கின்றன. ஆனாலும், நமக்குத் தெளிவாக எழுத வருவது தமிழில்தான் என்றால் தமிழில் எழுதுவதே சரி. அரைகுறை ஆங்கிலத்தில் காரணம் தேய்ந்துபோவதைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவு பெரிதல்ல.

எழுதக் கூடாதவை

நினைவுக் கோப்பு நம் கணினியில்தானே இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இருப்பது இங்கேதான். ஆனால் மாதிரி வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஓடும்போது, எடுத்துக் கொடுக்கப்படும் ஒவ்வொரு குறிப்பும் இணையம் வழியே அங்கே போகிறது. கடவுச்சொல், உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதுவும் அந்தக் கோப்பில் ஏறவே கூடாது. தானாகச் சுருக்கும் செருகிகளில் இதைக் குறிப்பாகத் தடுத்து வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஆபத்தும் உண்டு. இணையப் பக்கம் ஒன்றில் ஒளித்து வைத்த கட்டளையால், சாட்ஜிபிடியின் நினைவில் தவறான குறிப்பை எழுத வைக்க முடியும் என்று 2024-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார். சாதாரணமாக இத்தகைய கட்டளையின் பாதிப்பு அந்த உரையாடலோடு முடிந்துவிடும். நினைவில் ஏறிவிட்டால் அடுத்தடுத்த உரையாடல்களிலும் தொடரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத குறிப்பு கோப்பில் இருந்தால் உடனே அழிக்க வேண்டும்.

நாம் எழுதிய குறிப்பும் ஒருநாள் பொய்யாகலாம். ஆறு மாதம் கழித்து 'வரவு நாள்' பத்தியின் பெயரை மாற்றினால், பழைய குறிப்பு உதவியாளரை இல்லாத பத்திக்கு அனுப்பும். ஒவ்வொரு குறிப்பிலும் தேதி இட்டு வைப்பதும், நிரலில் மாற்றம் செய்யும் அன்றே குறிப்பையும் திருத்துவதும்தான் இதற்கு வழி.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

எல்லாம் பொருத்தியாயிற்று. இப்போது உதவியாளரை முழுவதும் மூடிவிட்டுப் புதிய அமர்வைத் திறக்க வேண்டும். உலக நேரம், 5.30 என்று எந்தத் துப்பும் கொடுக்காமல் கேட்க வேண்டும்: "இந்த மாத அறிக்கையை எழுதித் தா." 'வரவு நாள்' பத்தியை எடுத்தால் நினைவு வேலை செய்கிறது. பதிவு நேரத்துக்கே போனால் படிப்படியாகப் பார்க்கலாம். முதலில் நினைவுக் கோப்பைத் திறந்து குறிப்பு அங்கே இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் எழுதும் கட்டத்தில் கோளாறு. இருந்தால், செருகியிடம் நேரடியாகத் தேடச் சொல்லி அந்தக் குறிப்பு வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் தேடலில் கோளாறு, குறிப்பில் 'மாத அறிக்கை', 'பட்டுவாடா' போன்ற நாம் வழக்கமாகக் கேட்கும் சொற்களைச் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் சரியாகும். தேடலில் வருகிறது, அமர்வில் மட்டும் வரவில்லை என்றால் கொக்கி ஓடவில்லை, அல்லது உதவியாளர் நினைவைப் பார்க்கவில்லை. சாளரத்துக்குள்ளும் வந்து, அதன் பிறகும் உதவியாளர் அதைப் பின்பற்றவில்லை என்றால் கூடவே ஏறிய மற்ற குறிப்புகளைக் குறைத்து, இந்த ஒன்றை ப்ராஜெக்டின் குறிப்புக் கோப்பில் முதல் வரிக்கு மாற்றிவிடலாம்.